சென்னையா, கோவையா, திருச்சியா? குடும்பத்தோடு ஊர் மாறும் முன் பார்க்க வேண்டியவை

"சென்னை போதும், கோயம்புத்தூர்லயோ திருச்சியிலயோ போய் செட்டில் ஆயிடலாமா?" இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஒரு காலம் வந்துபோன பிறகு இன்னும் அதிகம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். திருச்சியில் படிப்பை முடித்த பெண்ணுக்குச் சென்னையில் ஒரு வேலை, கோவையில் கொஞ்சம் குறைந்த சம்பளத்தில் இன்னொரு வேலை. எதற்கு அனுப்புவது என்று பெற்றோர் தவிக்கிறார்கள்.

பெரும்பாலும் வாடகையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். வாடகை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இப்போது திருச்சியில் குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில், நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு ஒன்றை. இன்று இருக்கும் வேலை போனால், வீட்டைக் காலி செய்யாமல், பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல், அதே ஊரில் இன்னொரு வேலை கிடைக்குமா? உங்களுக்கும் கிடைக்க வேண்டும், உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ கிடைக்க வேண்டும். இதற்கு நேர்மையான பதில் கையில் இல்லாமல் லாரியில் சாமான் ஏற்றக் கூடாது.

பெங்களூரை இதில் சேர்க்கவில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம். சென்னையோடு ஒப்பிட நடுத்தர நகரங்களில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி புறநகரோடு சேர்த்துச் சென்னையின் மக்கள்தொகை 86 லட்சத்துக்கு மேல், கோவை சுமார் 21 லட்சம், திருச்சி சுமார் 10 லட்சம். கோவையும் திருச்சியும் ஒரே ரகம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. கோவை திருச்சியைப் போல இரண்டு மடங்கு என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் வித்தியாசங்கள் பாதி புரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

அடுத்த வேலை பற்றிச் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்தது நேரம்: காலையில் வீட்டைப் பூட்டியதிலிருந்து இரவு திரும்பக் கதவைத் திறக்கும் வரை, வேலை போக எவ்வளவு நேரம் சாலையில் போகிறது. மூன்றாவது, வீடும் தண்ணீரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே கூடாது. நான்காவது, மருத்துவமும் படிப்பும். கடைசியாக, ஊரோடு ஒட்டுவது. புது ஊரில் யாரும் தெரியாமல் முதல் வருடத்தை எப்படிக் கடத்தப் போகிறீர்கள் என்பது.

## சென்னை

அடுத்த வேலை என்று வந்தால் தமிழ்நாட்டில் சென்னையோடு மோத எந்த ஊரும் இல்லை. 2000இல் தரமணி டைடல் பார்க் திறந்த பிறகு சிறுசேரி வரை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) முழுக்கக் கம்பெனிகள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலைகளும் எலக்ட்ரானிக்ஸும். அதற்கு மேல் வங்கிகள், துறைமுகம், பெரிய மருத்துவமனைகள், அரசின் தலைமை அலுவலகங்கள், சினிமா, பத்திரிகை. ஒரு கதவு மூடினால் பத்துக் கிலோமீட்டருக்குள் இன்னொரு கதவைத் தட்டலாம். கணவன் மனைவி இருவரும் வெவ்வேறு துறையில் இருந்தால் இந்த ஒரு காரணமே போதும், சென்னையிலேயே இருந்துவிடலாம்.

அதற்கான விலையை நேரத்தில் கட்டுகிறீர்கள். அவருக்கு ஒரகடம், இவருக்குச் சோழிங்கநல்லூர் என்றால் இரண்டுக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் வீடு பார்த்து, இருவரும் எதிரெதிர் திசையில் கிளம்புவார்கள். ஆறு மணிக்கு வேலை முடிந்து மேடவாக்கம் தாண்டி வீடு வருவதற்குள் குழந்தை தூங்கியிருக்கும். இப்படி வாழ்கிற குடும்பங்களை எல்லாருக்குமே தெரியும்.

ஆனால் சென்னையை நியாயமாக எடை போட வேண்டுமென்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையம் இருந்தால் அது வேறு சென்னை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு வரை ஓடும் மின்சார ரயிலும், 2015இல் ஓடத் தொடங்கி விம்கோ நகர் வரை நீண்டு 54 கிலோமீட்டர் ஆன மெட்ரோவின் முதல் கட்டமும் உங்கள் தினசரி வழியில் வந்தால், டிராஃபிக் என்ற புலம்பலே உங்களுக்குக் கிடையாது. 118.9 கிலோமீட்டருக்கான இரண்டாம் கட்டம் முழுதாக முடியும்போது ஓ.எம்.ஆர். பக்கத்து வாழ்க்கையும் மாறும். அதுவரை தோண்டிப் போட்ட சாலைதான். ஆகவே "சென்னை வேண்டாம்" என்று முடிவெடுக்கும் முன், சென்னைக்குள்ளேயே வீட்டை ஸ்டேஷன் பக்கம் மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்பேன். வாடகை மூவாயிரம் நாலாயிரம் கூடினாலும், ஊரை மாற்றுவதைவிட அது மலிவு.

தண்ணீர்தான் சென்னையின் பலவீனம், இல்லாதபோதும் வரும்போதும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வீட்டுக்குள் தண்ணீர். மெட்ரோ வாட்டர் குழாய் இல்லாத தென்புறநகர் அடுக்குமாடிகளில் லாரித் தண்ணீருக்கான பணம் மெயின்டெனன்ஸோடு சேர்ந்து வரும்; கோடையில் அது ஏறும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு பார்த்தால் புரோக்கரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம், டீக்கடையில் கேளுங்கள்: "2015லயும் 2023லயும் தண்ணி எது வரைக்கும்ணே வந்துச்சு?" அவர் முழங்காலைக் காட்டுகிறாரா, இடுப்பைக் காட்டுகிறாரா என்று பாருங்கள்.

அட்வான்ஸ் இன்னொரு தலைவலி. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் கேட்கும் ஓனர்கள் நிறைய. சட்டம் இருக்கிறது என்று தெரிந்து பேசினால் கொஞ்சமாவது இறங்கி வருவார்கள்.

மருத்துவம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இலிருந்து இருக்கிறது; ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடமே இதுதான்.

## கோவை

நடுத்தர நகரங்களில், அடுத்த வேலை என்ற சோதனையில் ஓரளவு தைரியமாகத் தேறுவது கோவைதான். காரணம், அது ஒரே தொழிலை நம்பிய ஊர் இல்லை. பஞ்சாலையில் தொடங்கி, மோட்டார் பம்ப், கிரைண்டர், பவுண்டரி, லேத் பட்டறை, நகைத் தொழில், கல்லூரிகள், மருத்துவமனைகள் என்று பரவி, பிறகு ஐடியும் வந்தது. கோவை வெட்கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. விளாங்குறிச்சி டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம் வட்டாரத்தில் போஷ், காக்னிசன்ட் போன்ற பெரிய பெயர்களும் உண்டு. ஐடி, இன்ஜினியரிங், கற்பித்தல், மருத்துவம் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் இருப்பவருக்குக் கோவையில் இரண்டாவது, மூன்றாவது கதவுகள் இருக்கின்றன.

மீடியா, பெரிய நிறுவனங்களின் நிதி, சட்டம், விளம்பரம் என்றால் கதவுகள் குறைவு. இன்னொன்று: கோவையில் பல தொழில்கள் குடும்ப நிர்வாகத்தில் நடப்பவை. முதலாளியை நேரில் பார்க்கலாம், நன்றாக வேலை செய்தால் கூப்பிட்டுப் பொறுப்பு கொடுப்பார்கள். ஆனால் மேலே போகப் போக இடம் குடும்பத்துக்குத்தான். மேலாளர் நிலையைத் தாண்ட நினைப்பவர்கள் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

நேரம் என்று பார்த்தால், கோவை பத்து வருடத்துக்கு முந்தைய கோவை இல்லை. அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தது, உக்கடம் மேம்பாலம் அதற்கு முந்தைய வருடம். இருந்தும் சத்தி சாலையில் காந்திபுரத்திலிருந்து சரவணம்பட்டி போகும் மாலை நேரத்தை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மெட்ரோ பேச்சு பல வருடமாக நடக்கிறது. அது வரும் என்ற கணக்கில் வீடு வாங்க வேண்டாம். நகரத்துக்குள் டவுன் பஸ் இருக்கிறது, சென்னையைப் போல அடிக்கடி ஓடும் புறநகர் மின்சார ரயில் கிடையாது. அதனால் வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு வண்டி என்பது கோவையில் எழுதப்படாத விதி.

தண்ணீர் பற்றிக் கோவைக்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். சிறுவாணித் தண்ணீரின் ருசிக்கு அந்தப் பெருமை தகும். ஆனால் வீடு பார்க்கப் போகும்போது ருசியைக் கேட்காதீர்கள், முறையைக் கேளுங்கள். சிறுவாணி ஊர் முழுக்க வருவதில்லை; பில்லூர், பவானித் தண்ணீர் வரும் பகுதிகளும் உண்டு. பல இடங்களில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் நல்ல தண்ணீர் வரும். அதனால்தான் வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, போர் போட்ட உப்புத் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று தனித்தனியாக இருக்கும். சமையலறைக்குப் போய் இரண்டு குழாயையும் திறந்து பாருங்கள். "எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க? தொட்டி எவ்வளவு பிடிக்குங்க?" இந்த இரண்டு கேள்விக்கும் ஓனர் தெளிவாகப் பதில் சொன்னால் மட்டும் அடுத்ததைப் பேசலாம். உப்பு அதிகமான போர் என்றால் கீசர், வாஷிங்மெஷின், குழாய் முனை எல்லாம் வெள்ளை படிந்து சீக்கிரம் போகும். அதுவும் ஒரு செலவுதான்.

வாடகையில் கோவை மலிவு என்ற நினைப்போடு வருபவர்கள் ஏமாறுவார்கள். பீளமேடு, ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ் பக்கம் போனால் சென்னைப் புறநகர் வாடகையைக் கேட்பார்கள். மனை விலை இன்னும் மோசம். குறைவு என்று சொல்லக்கூடியது துடியலூர், வடவள்ளி, சிங்காநல்லூருக்கு அப்பால் போகும்போதுதான்.

கோவை உண்மையாகவே அள்ளிக் கொடுப்பது காற்றும் மருத்துவமும். கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வருகிறது. ஜூன், ஜூலையில் மாலை நடைக்குப் போகிறவர்களுக்கு அது தெரியும். மருத்துவத்தில் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்து சேரும் ஊர் இது. எலும்பு முறிவு, கண், இதயம் எதற்கும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வயதான பெற்றோரோடு குடியேற நடுத்தர நகரம் ஒன்றைத் தேடுபவர்களுக்கு நான் தயங்காமல் கோவையைத்தான் சொல்வேன்.

## திருச்சி

நான் இருக்கும் ஊர் என்பதால் சலுகை காட்டப் போவதில்லை. அடுத்த வேலை என்ற சோதனையில் மூன்றில் கடைசி இடம் திருச்சிக்குத்தான்.

1960களில் திருவெறும்பூரில் மத்திய அரசின் பெல் (BHEL) தொழிற்சாலை வந்தது. பொன்மலை ரயில்வே பணிமனை அதற்கும் பழையது. துப்பாக்கித் தொழிற்சாலை, என்.ஐ.டி., 2011இல் வந்த ஐ.ஐ.எம்., பாரம்பரியமான கல்லூரிகள் எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசு வேலை, ரயில்வே, வங்கி, கல்லூரி என்று இருப்பவருக்கு இந்த ஊர் போல நிம்மதி கிடையாது. ஆனால் தனியார் வேலையில் இருப்பவர் பெல்லின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெல்லுக்கு ஆர்டர் குறைந்த காலத்தில் அதை நம்பியிருந்த துவாக்குடிப் பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பெரிய அடி வாங்கின. நல்ல வெல்டர்கள், ஃபிட்டர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஒரே பெரிய நிறுவனத்தைச் சுற்றி வேலைகள் அமைந்த ஊரில் இதுதான் ஆபத்து. நவல்பட்டில் எல்காட் ஐடி பூங்கா இருக்கிறது, சின்னச் சின்ன நிறுவனங்களும் வளர்கின்றன. ஆனாலும் சென்னையில் பத்து நேர்காணலுக்குப் போகும் அனுபவமுள்ள ஒருவருக்கு இங்கே ஒன்றிரண்டுதான் கிடைக்கும்.

இதற்கு ஒரு ஈடு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. திருச்சியிலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். வந்தே பாரத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும்போது எழும்பூர். கோவையிலிருந்து சென்னை சுமார் 500 கிலோமீட்டர், வந்தே பாரத்திலேயே ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆகவே வேலை சென்னைக் கம்பெனியில், வீடு வெளியூரில், மாதம் ஒன்றிரண்டு முறை தலையைக் காட்டினால் போதும் என்ற ஏற்பாட்டுக்குத் திருச்சி பொருந்தும். அந்த ஏற்பாடு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். "மேனேஜர் ஓகே சொல்லிட்டார்" என்பது ஏற்பாடு ஆகாது. மேனேஜர் மாறுவார்.

நேரம்தான் திருச்சியின் சொத்து. தில்லை நகரில் குடியிருக்கும் ஒரு வீட்டின் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே காலுக்குப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வரும் வழியில் வங்கியில் ஒரு வேலை, மருந்துக் கடை, காய்கறி எல்லாம் முடித்து ஒன்பதரைக்கு வேலைக்கு உட்கார்ந்துவிடலாம். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அலுவலகம் திரும்புபவர்கள் இன்னமும் இங்கே உண்டு. சென்னையில் ஒரு நாளில் ஒரு வேலைதான் நடக்கும்; இங்கே நாலு நடக்கும். மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்தவருக்கு இது பெரிய வரம். தெரியாதவருக்கு முதல் சில மாதம் சாயந்திரங்கள் நீளும்.

தண்ணீர் விஷயத்தில் மூன்றில் திருச்சிதான் மேல். காவிரியும் கொள்ளிடமும் ஊரை ஒட்டி ஓடுகின்றன. மாநகராட்சிக் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். மாநகராட்சி எல்லைக்கு வெளியே புதிதாக விற்கும் மனைகளில் இது பொருந்தாது, அங்கே போர்தான். வெயிலுக்கு மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம், கடல் காற்றும் கிடையாது, மலைக் காற்றும் கிடையாது. மேல்மாடி வீடு எடுத்தால் இரண்டு மாத மின் கட்டணம் வாடகையில் நீங்கள் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

மருத்துவம் அன்றாடத் தேவைக்குப் போதும், பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாம் இங்கேயே பார்க்கலாம். அரிதான நோய், சிக்கலான குழந்தை மருத்துவம் என்றால் சென்னை, வேலூர் என்று கிளம்ப வேண்டியிருக்கும். வீட்டில் அப்படி ஒரு தொடர் சிகிச்சை இருந்தால் திருச்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

விமானம் ஒன்றில் ஊர் அளவுக்கு மீறிய வசதி. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு நேரடி விமானங்கள் போகும். புதிய முனையம் 2024இல் செயல்படத் தொடங்கியது. கணவர் வெளிநாட்டில், குடும்பம் இங்கே என்று இருப்பவர்கள் திருச்சியை நாடுவதற்கு இது முக்கியமான காரணம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சென்னை | கோவை | திருச்சி |
|---|---|---|---|
| அடுத்த வேலை | எல்லாத் துறையிலும் | சில துறைகளில் உறுதி | அரசு, கல்வி தவிரக் குறைவு |
| துணைவருக்கு வேலை | எளிது | துறையைப் பொறுத்தது | கஷ்டம் |
| போக்குவரத்து | ரயில் பக்கம் இருந்தால் நன்று | சொந்த வண்டி அவசியம் | தூரமே குறைவு |
| வாடகை | அதிகம் | நினைப்பதைவிட அதிகம் | குறைவு |
| தண்ணீர் | இடத்துக்கு இடம் ஆபத்து | நாள் விட்டு வரும், தொட்டி வேண்டும் | நகருக்குள் நன்று |
| மருத்துவம் | மிகச் சிறப்பு | சிறப்பு | போதுமானது |
| வெயில் | புழுக்கம் | இதம் | கடுமை |

## கணக்கில் வராத செலவுகள்

ஊர் மாறும்போது வாடகையில் மிச்சமாகும் தொகையைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். மத்திய அரசு ஊழியர்களுக்கு இது சம்பளச் சீட்டிலேயே தெரியும். ஏழாவது ஊதியக் குழு முறையில் சென்னை எக்ஸ் வகை. கோவை, திருச்சி, மதுரை, சேலம் எல்லாம் ஒய் வகை. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட பிறகு வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், ஒய் நகரங்களில் 20 சதவீதம். தனியாரில் இருப்பவர் பழைய வருமான வரி முறையில் இருந்தால், வாடகைப்படி விலக்குக்கான உச்சவரம்பு சென்னையில் சம்பளத்தில் 50 சதவீதம், மற்ற இரு ஊர்களிலும் 40 சதவீதம். வாடகை குறையும்போது விலக்கும் குறையும்.

பெரிய செலவு சம்பள உயர்வில் ஒளிந்திருக்கிறது. ஐடியிலும் தனியார் துறையிலும் சம்பளம் துள்ளுவது கம்பெனி மாறும்போதுதான். மாறக் கம்பெனி இல்லாத ஊரில் வருடாந்திர உயர்வோடு நிற்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால் வாடகை மிச்சத்தை இது விழுங்கிவிடக்கூடும். முப்பது வயதில் இது பெரிய இழப்பு, ஐம்பதில் சிறியது. எந்த வயதில் மாறுகிறீர்கள் என்பதால் இதே முடிவு சரியாகவோ தவறாகவோ ஆகிவிடும்.

பெண்களின் பஸ் செலவைக் கூடச் சேர்த்துப் பாருங்கள். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் திருச்சியிலும் கோவையிலும் பல வழித்தடங்களில் தனியார் டவுன் பஸ்தான் அடிக்கடி வரும், அதில் டிக்கெட் உண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பஸ் குறைந்து ஆட்டோதான் வழி என்றால், ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது மாதா மாதம் ஒரு தொகை.

சென்னையிலேயே இருப்பதற்கும் மறைமுகச் செலவு உண்டு. தீபாவளி, பொங்கல், கல்யாணம், சாவு ஒவ்வொன்றுக்கும் நான்கு பேர் ஊருக்குப் போய் வர வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கும். பண்டிகை டிக்கெட் திறந்த நிமிடத்திலேயே தீர்ந்துவிடும், பிறகு ஆம்னி பஸ் கேட்கும் தொகைதான். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்தபிறகு, வடசென்னைக்காரருக்குப் பஸ் ஏறும் இடத்துக்குப் போவதே ஒரு பயணம். பெற்றோர் தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் பக்கம் இருந்தால், திருச்சிக்கு மாறிய குடும்பத்துக்கு இந்தச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போய்விடும்.

## ஊரோடு ஒட்டுவது

சென்னையில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வருடக்கணக்காக இருக்கலாம். அது சிலருக்குத் தனிமை, சிலருக்குச் சுதந்திரம். திருச்சியில் முதல் வாரத்திலேயே "எந்த ஊரு? அப்பா என்ன பண்றாங்க? யார் மூலமா வந்தீங்க?" என்று கேட்பார்கள். அக்கறையாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சுற்றி வளைத்துச் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. சென்னையிலும் இது நடக்கிறது. ஆனால் நகரம் சின்னதாகும்போது வாடகை வீடுகளின் எண்ணிக்கையும் குறைவு. ஒரு ஓனர் மறுத்தால் அடுத்தது உடனே கிடைக்காது. ஸ்ரீரங்கம் போன்ற இடங்களில் அசைவம் சமைக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்லும் வீடுகள் உண்டு. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள், தனியாக வாழும் பெண்கள், மாற்று மதத்தினர் இதைக் கணக்கில் எடுத்தே தீர வேண்டும். ஒரு சின்ன ஊரில் மிச்சமாகும் பணத்துக்காக தினசரி விளக்கம் சொல்லும் வாழ்க்கைக்கு யாரும் தங்களை ஒப்புக்கொடுக்கத் தேவையில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்குச் சென்னை, அடுத்து கோவையின் புதிய அடுக்குமாடிப் பகுதிகள் என்பதுதான் என் பரிந்துரை. வேலைக்குப் போகும் பெண்கள் அரசின் தோழி விடுதியையும் பார்க்கலாம், திருச்சியிலும் இருக்கிறது.

அதே நெருக்கம் மறுபக்கம் உதவியாகவும் வரும். நல்ல வாடகை வீடுகள் பல இங்கே ஆப்பில் வராது. கேட்டில் தொங்கும் டூ-லெட் பலகையிலும், அயர்ன் கடைக்காரரின் வாய்மொழியிலும்தான் கிடைக்கும். பிளம்பரும் அப்படித்தான், பள்ளி சீட் பற்றிய தகவலும் அப்படித்தான். ஒரு மளிகைக் கடையைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து அங்கேயே வாங்குங்கள். தெருவில் நடக்கும் எல்லா விஷயமும் அந்தக் கடை வழியாக உங்களுக்கு வந்து சேரும். வீட்டில் ராத்திரி யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், கூப்பிட்டதும் காரை எடுத்துக்கொண்டு வருபவர் பெரும்பாலும் அந்தத் தெருக்காரராகவே இருப்பார். சென்னையிலிருந்து வந்த குடும்பங்கள் ஒட்டாமல் திரும்பிப் போவதற்கு நான் பார்த்த முக்கியமான காரணம், எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே வாங்கிக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருந்ததுதான். பிள்ளைகளுக்கு இது எளிது, மூன்று மாதத்தில் தெருவில் விளையாட ஆள் சேர்ந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் கஷ்டம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் ஊர் மாற்றாதீர்கள்.

## யாருக்கு எது

இருவரும் தனியார் வேலையில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தால்: சென்னை, ஸ்டேஷன் பக்கத்தில் வீடு. ஐடியிலோ இன்ஜினியரிங்கிலோ நல்ல அனுபவம் சேர்த்துவிட்ட நாற்பது வயதுக்காரர், பெற்றோரையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும்: கோவை. பெங்களூரிலும் வாய்ப்பு தேட நினைத்தால் 2023 டிசம்பரிலிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் நடுவே வந்தே பாரத் ஓடுகிறது. ரயில்வே, வங்கி, மத்திய அரசு, கல்லூரி வேலை, அல்லது எழுத்தில் உறுதியான வீட்டிலிருந்து வேலை: திருச்சி. சொந்தத் தொழில் தொடங்குபவர், செய்யப்போவது பொருள் என்றால் கோவை. அங்கே அச்சு, வார்ப்பு, கடைசல் எல்லாம் ஒரே நாளில் ஆள் பிடிக்கலாம்.

படித்து முடித்த அந்தப் பெண்ணின் பெற்றோருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை சென்னையில் இருக்கட்டும். நாலைந்து வருட அனுபவத்தோடு கோவைக்கு வருபவருக்குக் கிடைக்கும் மதிப்பு, கோவையில் தொடங்கிச் சென்னைக்குப் போகிறவருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் புது ஊரில் வேலை உறுதி என்றால், மாறுவதை ஒத்திப்போடுங்கள். "அவ அங்க போய்ப் பார்த்துக்குவா" என்று சொல்லிக் கூட்டிவந்து, பத்து வருட அனுபவத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். எந்த வாடகை மிச்சமும் அதற்கு ஈடாகாது. அவருக்கு நேர்காணல் முடிந்து, ஆஃபர் கையில் வந்த பிறகு வீடு பாருங்கள்.

முடிவு எடுத்துவிட்டால், முதல் வருடம் வாடகை வீடுதான். மனை வாங்குவது அதற்கு அப்புறம். பள்ளி சேர்க்கை விசாரிப்பை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். வீடு பார்க்கும் பயணத்தை டிசம்பரில் வைக்காதீர்கள். டிசம்பரில் திருச்சியும் குளுகுளுவென்று இருக்கும், கோவையில் தண்ணீரும் முறையாக வரும். மே மாதம் இரண்டு நாள் லீவு போட்டு, மதியம் மூன்று மணிக்கு அந்த வீட்டின் மேல்மாடியில் நின்று பாருங்கள். சென்னையில் என்றால் நவம்பர் மழையில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள்.